கக்கன்: ஆஸ்பத்திரிக் கதையைத் தவிர நமக்கு என்ன தெரியும்?

1. யானைமலைக்காரன்

வணக்கம் மக்களே. ஒரு உதவி வேண்டும்.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப்போட்டி, தலைப்பு "எளிமையின் சிகரம் கக்கன்". மூன்று நிமிடம் பேச வேண்டும். எழுதித் தருவது வழக்கம்போல அப்பா வேலை. நேற்று இரவு உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். பன்னிரண்டு கட்டுரை படித்திருப்பேன். பன்னிரண்டிலும் ஒரே கதை: முன்னாள் மந்திரி கக்கன் மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். பார்த்துக் கலங்கிவிட்டார். அவ்வளவுதான். முன்னே நாலு வரி, பின்னே "இன்றைய அரசியல்வாதிகள்" என்று நாலு வரி.

அதையே ஒப்பேற்றி எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, பத்து வருசம் மந்திரியா இருந்தார்னு எழுதிருக்கீங்களே, மந்திரியா இருந்து என்ன செஞ்சாரு?"

பதில் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது மேலூர் பக்கம்தான். கக்கன் பிறந்த தும்பைப்பட்டியின் பெயர்ப்பலகையை எத்தனை முறை பேருந்தில் கடந்திருப்பேனோ, கணக்கே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போட்டிக்குப் பத்து நாள் இருக்கிறது.

2. டீக்கடை பெஞ்சு

பேச்சுப்போட்டிக்கு என்றே நம் ஊரில் நாலு தலைவர்களை எடுத்து வைத்திருக்கிறார்கள் அண்ணே. ஏழாம் வகுப்பில் எனக்குக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா வந்தார். எனக்கும் குடிசையைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. பரிசு மட்டும் வாங்கினேன்.

3. பழைய பேப்பர்

யானைமலை, உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று நிமிடத்துக்குள் அடங்காது, வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். எல்லோரும் "பி. கக்கன்" என்று எழுதுகிறார்கள். தமிழில் "பூ. கக்கன்". அப்பா பெயரும் கக்கன்தான். தும்பைப்பட்டி ஊர்க்கோயில் பூசாரி என்பதால் பூசாரி கக்கன். பூசாரி கக்கன் மகன் கக்கன் என்பதுதான் அந்தப் "பூ". பிறந்த தேதி 1908 ஜூன் 18.

இந்த 1908-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்கு ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், நாடார்களுக்கு உள்ளே போகும் உரிமை இல்லை என்று இறுதித் தீர்ப்பு வந்தது இதே 1908-இல்தான். பணமும் வக்கீலும் வைத்து லண்டன் வரை வழக்கு நடத்தியவர்களுக்கே அதுதான் கதி. அந்த வருடம் பறையர் குடும்பத்தில் ஒரு பூசாரிக்குப் பிறந்த பிள்ளை, முப்பத்தோராவது வயதில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நடந்து போகிறது.

1939 ஜூலை 8. மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் தலித்துகள் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். கக்கன், முத்து, முருகானந்தம், சின்னையா, பூரணலிங்கம் ஐவர். ஆறாவது ஆள் விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார்.

இதில் பலரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் உள்ளே போன நாளில் அவர்களைக் காப்பாற்றச் சட்டம் எதுவும் இல்லை. பழைய சட்டப்படி வழக்குப் போட்டால் ஐயரும் மாட்டுவார், நாயுடுவும் மாட்டுவார். அதற்குப் பிறகுதான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதைச் சட்டமாகவும் ஆக்கியது. ஆக, ஆறு பேர் முன்னால் போனார்கள், சட்டம் பின்னால் ஓடி வந்தது. காந்தி அந்தக் கோயிலுக்குள் போனதே 1946-இல்தான்.

மீதி நாளைக்கு. கண் வலிக்கிறது.

4. யானைமலைக்காரன்

ஐயா, அந்தப் "பூ" விஷயத்தைக் கேட்டதுமே எங்கள் வீட்டில் பேச்சின் முதல் வரி முடிவாகிவிட்டது. சொந்த ஊரில் அப்பா பூசாரி, பக்கத்து நகரத்தில் மகனுக்குக் கோயில் வாசல் அடைப்பு. இதை அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "பூசாரி மகனுக்கே கோயில் கிடையாதா" என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

5. நாகமலை சுந்தரி

வைத்தியநாத ஐயர் 1955-இல் காலமானபோது கக்கன் மொட்டையடித்துக்கொண்டு ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்தார் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். பேச்சுக்கு உதவும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

6. மாட்டுத்தாவணி

சும்மா நீட்ட வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் தலித் அமைச்சர், இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்களைக் கொண்டுவந்தவர், வைகை அணை கட்டியவர். மூன்று வரி போதும்.

7. பழைய பேப்பர்

மாட்டுத்தாவணி, மூன்றில் முதல் இரண்டு தவறு. மூன்றாவதைப் பற்றிப் பொறியாளர்கள் யாராவது சொல்லட்டும்.

முதல் தலித் அமைச்சர் அவர் இல்லை. 1937 ராஜாஜி அமைச்சரவையிலேயே வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இருந்தார். 1954-இல் காமராஜர் முதல் அமைச்சரவையில் பி. பரமேசுவரனுக்கு இந்து அறநிலையத் துறையே கொடுக்கப்பட்டது. கோயிலுக்குள் விடப்படாத சமூகத்து ஆளுக்குக் கோயில்களின் சாவி! கக்கனை முதல் தலித் உள்துறை அமைச்சர் என்று சொல்லுங்கள், அது சரி.

வேளாண் பல்கலைக்கழகம் பற்றி: கோவையில் இருப்பது 1906-இலிருந்து கல்லூரியாக இருந்தது, பல்கலைக்கழகம் ஆனது 1971-இல். அப்போது கக்கன் பதவியிலேயே இல்லை. மதுரையில் வந்தது வேளாண்மைக் கல்லூரி, 1965-இல். அதுவும் அவர் வேளாண் துறையை விட்டு உள்துறைக்குப் போன பிறகு. 1962–63-இல் அவர் வேளாண் அமைச்சர் என்பதால் அதில் அவருக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் "இரண்டு பல்கலைக்கழகங்கள்" என்பது யாரோ எழுதி எல்லோரும் நகலெடுத்த வரி.

பதவி வரிசையையும் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. 1946 முதல் 1950 வரை அரசியல் நிர்ணய சபை. 1952 முதல் 1957 வரை மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர். காமராஜர் 1954-இல் முதல்வர் ஆனதும் மாநிலக் காங்கிரஸ் தலைவர். 1957 ஏப்ரலில் மேலூர் சட்டமன்ற உறுப்பினராகப் பொதுப்பணித் துறை, அரிசன நலத் துறை அமைச்சர். 1962 மார்ச்சில் வேளாண்மை. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகும் காமராஜர் திட்டத்தின்படி 1963 அக்டோபரில் முதல்வர் மாறி பக்தவத்சலம் வந்ததும் உள்துறை. 1967 மார்ச் வரை அதே பதவி.

8. யானைமலைக்காரன்

அந்த வேளாண் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். தினமும் அந்த மதில் சுவரை ஒட்டித்தான் வேலைக்குப் போகிறேன். ம்.

9. கலிங்கு

பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணை விஷயம் வந்ததால் எழுதுகிறேன்.

"கக்கன் வைகை அணை கட்டினார்" என்பதில் பாதி உண்மை. அணை திறந்தது 1959 ஜனவரி 21, திறந்தவர் காமராஜர். அப்போது பொதுப்பணி அமைச்சர் கக்கன். ஆனால் ஒரு அணையின் ஆயுசு எந்த அமைச்சரின் ஆயுசையும் விட நீளம். முதலில் இடம் தேடி அளக்க வேண்டும், போர் போட்டுப் பாறை பார்க்க வேண்டும், எஸ்டிமேட், நிலம் எடுப்பு, முழுகப் போகிற ஊர்க்காரர்களோடு பேச்சு, அப்புறம்தான் அடிக்கல். ஒருவர் தொடங்குவார், ஒருவர் நடத்துவார், ஒருவர் ரிப்பன் வெட்டுவார். கல்வெட்டில் ரிப்பன் வெட்டியவர் பெயர் பெரிதாக இருக்கும்.

கக்கன் அமர்ந்த ஐந்து வருடம் (1957–62) பெரும்பாலும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலம். கிருஷ்ணகிரி, சாத்தனூர், அமராவதி, மணிமுத்தாறு, வைகை என்று வரிசையாக வேலைகள் முடியும் கட்டம். இளைஞர்களுக்கு இது புரியாது. தொடங்குவதை விட முடிப்பது கஷ்டம். கடைசிக் கட்டத்தில்தான் சிமெண்டு வராது, ஷட்டருக்கு இரும்பு வராது, கான்ட்ராக்டர் கூடுதல் பில் போடுவார், கால்வாய் எந்த ஊர் வழியாகப் போவது என்று எம்.எல்.ஏ.க்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் துறையில் பணம் கைமாறுவதென்றால் அந்தக் கட்டத்தில்தான் மாறும். அந்த ஐந்து வருடத்தில் பொதுப்பணித் துறையைக் கையில் வைத்திருந்த ஒரு மனிதர் கடைசியில் பொது வார்டில் படுத்திருந்தார் என்றால், அந்த ஆஸ்பத்திரிக் கதைக்கு உண்மையில் அர்த்தம் வருவது இங்கேதான். "ஏழையாக இருந்தார்" என்று சொல்லாதீர்கள். எந்தத் துறையில் இருந்து ஏழையாக வெளியே வந்தார் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். யானைமலைக்காரருக்கு இது தெரிந்திருக்கும். பேரணையில் பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். பொதுப்பணி அமைச்சர் மேலூர்க்காரர், மேலூர் சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் கள்ளந்திரிக் கோடு கள்ளந்திரியிலேயே நின்றது, இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. இதை நேர்மை என்றும் பேசக் கேட்டிருக்கிறேன், "மந்திரியா இருந்து சொந்த ஊருக்கு ஒரு மதகு திறந்துவிட்டாரா" என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டும் மேலூர் டீக்கடையில்தான், ஒரே ஆள் வாயிலிருந்தும்.

10. யானைமலைக்காரன்

உண்மை சார். எங்கள் அப்பா ஒருபோகக்காரர். வைகை அணையில் எத்தனை அடி என்பது எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு அடுத்தபடி அதிகம் உச்சரிக்கப்பட்ட விஷயம். அணை நிரம்பி 71 அடி தொட்டது என்று வானொலியில் சொன்னால் அன்றைக்கு வீட்டில் பருப்போடு பாயசம். தண்ணீர் செப்டம்பர் தாண்டியும் திறக்காவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த அணை திறந்தபோது எங்கள் ஊர்க்காரர்தான் மந்திரி என்று ஒருநாள்கூட அவர் சொன்னதில்லை. தெரியாதா, சொல்ல மனமில்லையா என்று இப்போது கேட்க ஆள் இல்லை.

11. சிதம்பரத்தான்

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த அந்த வருடத்தை யாரும் தொடவில்லையே? 1965.

பழைய பேப்பர் ஐயா "1963 முதல் 1967 வரை உள்துறை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த வரிக்குள் எத்தனை பிணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என் அப்பா அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். ஜனவரி 27 அன்று மாணவர் ராசேந்திரன் சுடப்பட்டபோது அந்தக் கூட்டத்தில் இருந்தவர். கடைசிக் காலம் வரை பட்டாசுச் சத்தம் கேட்டால் தோளைக் குறுக்கிக்கொள்வார். தீபாவளி அன்று எங்கள் வீட்டில் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம்.

அரசாங்கம் ஒத்துக்கொண்ட கணக்கே எழுபதை ஒட்டி. மக்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு. அந்தக் காவல்துறைக்கு அமைச்சர் யார்? "எளிமையின் சிகரம்". எளிமையாக இருந்தால் துப்பாக்கிச் சூட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையா?

12. மாட்டுத்தாவணி

அது பக்தவத்சலம் முடிவு. கக்கன் பெயருக்குத்தான் உள்துறை. பாவம், அவரைப் போய் இழுக்காதீர்கள்.

13. சிதம்பரத்தான்

பெயருக்கு இருந்தால் ராஜினாமா செய்திருக்கலாமே. டெல்லியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பிப்ரவரி 11 அன்று ராஜினாமா கொடுத்தார்கள். அவர்களும் காங்கிரஸ்தான். இங்கே கோட்டையில் யார் கொடுத்தார்கள்?

14. டீக்கடை பெஞ்சு

யானைமலை அண்ணே, மூன்று நிமிடப் பேச்சு கேட்டு வந்தீர்கள். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது.

15. மட்டுறுத்துநர்

இதுவரை எல்லோரும் மரியாதையாகப் பேசியிருக்கிறீர்கள், நன்றி. 65 பற்றிப் பேசலாம், தடை இல்லை. இன்றைய கட்சிகளை இழுத்தால் இழை பூட்டப்படும்.

16. வெயில்

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கக்கன் ஐயா பிறந்த சமூகத்தில் பிறந்தவள். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி அண்ணன் "பெயருக்குத்தான் உள்துறை" என்கிறார். கக்கனைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வைகை அணை என்றால் "கக்கன் கட்டினார்". துப்பாக்கிச் சூடு என்றால் "அவருக்கு அதிகாரமே இல்லை". ஒரு மனிதர் கையில் அதிகாரம் இருந்ததா இல்லையா? பக்தவத்சலம் பற்றி யாராவது "பெயருக்குத்தான் முதல்வர்" என்பார்களா? ஒரு தலித் அமைச்சரை நிரபராதி ஆக்குவதற்காக அவரைப் பொம்மை ஆக்குகிறீர்கள். அது எனக்குப் பாராட்டாகத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியிலும் வருடா வருடம் இந்தத் தலைப்பு வரும். பிள்ளைகள் பேசுவதைக் கேட்பேன். காமராஜர் என்றால் பள்ளிக்கூடம், மதிய உணவு, அணை என்று பட்டியல் போகும், எளிமை கடைசியில் வரும். கக்கன் என்றால் வேட்டி, பொது வார்டு, கண்ணீர். ஏன் இவருக்கு மட்டும் வறுமை முதலில் வருகிறது? எங்கள் ஆட்களை ஏழையாகப் பார்த்துப் பழகிவிட்டது, அப்படிப் பார்ப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை, அதனால்தான். கையெழுத்துப் போடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கக்கனை யாரும் வரைவதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் கக்கனை எல்லோரும் வரைகிறார்கள்.

அவருடைய மனைவி சொர்ணம் பார்வதி அம்மா பள்ளி ஆசிரியை. சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர். அவர் பெயர் எந்தப் பேச்சிலாவது வருகிறதா? அவர் சம்பாதித்தார் என்று சொன்னால் வறுமைக் கதையின் அழகு குறைந்துவிடும்.

சிதம்பரத்தான் அண்ணன் கேட்டதற்கு என் பதில்: ஆமாம், அந்தக் கணக்கில் கக்கன் பெயரும் வர வேண்டும். உள்துறை அமைச்சர் என்றால் அதுதான் பொருள். உங்கள் அப்பா தோளைக் குறுக்கிக்கொண்டதை இந்த இழையில் யாரும் சுருக்கிப் பேசக் கூடாது.

17. சிதம்பரத்தான்

நன்றி அம்மா. இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கும் அந்த மனிதர் மேல் வெறுப்பு இல்லை. அப்பாவே தேர்தல் சமயத்தில் "கக்கன் நல்ல மனுசன்தான், ஆனா ஓட்டு கிடையாது" என்று சொன்னாராம். பெரியம்மா சொல்வார்.

18. பழைய பேப்பர்

சிதம்பரத்தான் சொன்னது சரி. நான் ஒரே வரியில் தாண்டியது நழுவல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

65-ஐ நான் இப்படிப் பார்க்கிறேன். ஜனவரி 26-இலிருந்து இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம். முந்தைய நாளே மதுரை வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் பக்கத்தில் மாணவர் ஊர்வலத்தில் கைகலப்பு. அங்கிருந்துதான் தீ பரவியது. கக்கனின் சொந்தச் சீமை அது. தெரு தெருவாகக் கட்சி வேலை பார்த்த ஊர். அங்கே மாணவர்கள் எவ்வளவு கொதித்துப்போயிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போனது என்றால் அதுவே ஒரு குறை. தெரிந்தும் முதல்வரிடம் எடுத்துச் சொல்ல முடியவில்லை என்றால் அது வேறொரு குறை. பக்தவத்சலம் பிடிவாதக்காரர், கோட்டைக்கு ஊர்வலமாக வந்த மாணவர்களைச் சந்திக்கவே இல்லை. கட்சிக் கட்டுப்பாடு, தலைமைக்கு விசுவாசம் ஆகிய இரண்டையும் கக்கன் தன் வாழ்நாள் முழுக்கக் குணமாக வைத்திருந்தவர். 1939-இல் அந்தக் குணம் ஐயருக்குப் பின்னால் அவரைக் கோயிலுக்குள் கொண்டுபோனது. 1965-இல் அதே குணம் அவரை வாய் திறக்காமல் நாற்காலியில் உட்கார வைத்தது. இது என் ஊகம், வரலாறு இல்லை.

அதே உள்துறைக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1964-இல் லஞ்ச ஒழிப்புக்கென்று தனி இயக்ககம் வந்தது. அன்றைக்கு நாடு முழுக்க ஊழல் தடுப்பு பற்றிய சந்தானம் குழு அறிக்கையைப் பற்றித்தான் பேச்சு, இங்கேயும் அதன் காற்று அடித்தது. இன்றைக்கும் "விஜிலென்ஸ் ரெய்டு" என்று செய்தி வந்தால், அந்த அலுவலகம் கக்கன் உள்துறை அமைச்சராக இருந்தபோது பிறந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும்.

19. கலிங்கு

67 தேர்தலையும் சொல்லிவிடுங்கள். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சி" என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடியதில் நானும் உண்டு. ஓட்டு கிடையாது, குரல் இருந்தது. ரேஷன் கடை வரிசையில் அதிகாலையில் போய் நின்ற கோபம் அது. இந்திக் கோபத்தோடு அரிசிக் கோபமும் சேர்ந்தால் எந்த அமைச்சர் எளிமையானவர் என்று யார் பார்ப்பார்கள்?

20. பழைய பேப்பர்

ஆமாம். தி.மு.க.வுக்கு 137 இடம். மேலூரில் கக்கனைத் தோற்கடித்தவர் ஓ.பி. ராமன். விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார், ஸ்ரீபெரும்புதூரில் முதல்வரே தோற்றார். அமைச்சர்களில் தப்பியவர் பூவராகன் ஒருவர்தான். ஆகவே கக்கன் தோல்வியை மட்டும் தனியாக எடுத்து "நல்லவரை மக்கள் தோற்கடித்தார்கள்" என்று ஒப்பாரி வைப்பதில் அர்த்தமில்லை. அந்த வெள்ளத்தில் அரண்மனையும் போனது, குடிசையும் போனது.

அதன் பிறகு அவர் பதவிப் பக்கம் திரும்பி வரவே இல்லை. 1981 டிசம்பர் 23-இல் காலமானார். 1999-இல் அஞ்சல்தலை வந்தது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது.

21. நாகமலை சுந்தரி

ஆஸ்பத்திரிக் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நடந்ததுதானே? அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க எம்.ஜி.ஆர். வந்தபோது அங்கே கக்கன் இருப்பது தெரிந்து போய்ப் பார்த்தார். பிறகு அரசு உதவிக்கு ஏற்பாடு செய்தார். இதுவரை சரிதானே ஐயா?

22. பழைய பேப்பர்

அதுவரை சரி அம்மா. அதற்கு மேலேதான் ஆளுக்கு ஒரு வசனம். ஒருவர் எழுத்தில் கட்டிலில் இருக்கிறார், இன்னொருவர் எழுத்தில் தரையில் பாயில் இருக்கிறார். ஒன்றில் எம்.ஜி.ஆர். கேட்கிறார், இவர் "எதுவும் வேண்டாம்" என்கிறார். இன்னொன்றில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பொது வார்டு என்பது மட்டும் எல்லாவற்றிலும் பொது. அதை மட்டும் சொன்னால் போதும், பாயை விரிக்க வேண்டாம்.

23. வெயில்

கலிங்கு ஐயா சொன்ன வரியோடு சேர்த்துச் சொன்னால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. எந்தத் துறையில் இருந்து வெளியே வந்தவர் அந்த வார்டில் இருந்தார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வார்டுக்குப் போங்கள்.

24. டீக்கடை பெஞ்சு

அண்ணே, பாப்பா எங்கே? இத்தனை பெரியவர்கள் பேசியாயிற்று. அவள் என்ன சொல்கிறாள்?

25. யானைமலைக்காரன்

இந்த இழையை மொத்தமாக அச்செடுத்துக் கொடுத்தேன். பதினோரு பக்கம். பச்சை, ஆரஞ்சு என்று ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பச்சை என்றால் பேசப் போவது, ஆரஞ்சு என்றால் "அப்பாவிடம் கேட்க". வெயில் அக்கா பதிவு முழுக்கப் பச்சை. ஆரஞ்சில் இருப்பது ஒன்றுதான்: "பிரிவி கவுன்சில்னா என்ன?" வெள்ளைக்காரன் காலத்தில் நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம் என்று சொன்னேன்.

26. யானைமலைக்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். போட்டி முடிந்தது.

அவள் எழுதியதை முன்கூட்டியே டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று விதி. திரும்பி வந்த தாளில் 1965 வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம், பக்கத்தில் "இது வேண்டாமே?" என்று கேள்விக்குறியோடு. அடித்துவிடவில்லை, கேள்விக்குறிதான். என்ன செய்வது என்று கேட்டாள். உன் பேச்சு, நீயே முடிவு செய் என்றேன். வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு வரியை அப்படியே விட்டாள். மேடையில் சொன்னது இதுதான்: "அவர் உள்துறை அமைச்சராக இருந்தபோது மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பூசாரி கக்கன் மகன் கக்கன்" என்று தொடங்கியபோது அரங்கத்தில் சத்தம் நின்றது. வைகை அணை வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் "எழுபத்தோரு அடி" என்று தானாகச் சொன்னார். சொர்ணம் பார்வதி அம்மா பெயர் வந்தது. மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தபோது இன்னும் 67 தேர்தல் பாக்கி இருந்தது, அதை விட்டுவிட்டாள்.

மூன்றாம் பரிசு. எவர்சில்வர் கிண்ணம். முதல் பரிசு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு. எம்.ஜி.ஆர். குரலில் பேசிக் காட்டினான், பாய் விரித்தான், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் பேசினான், குறை சொல்ல மாட்டேன்.

வரும்போது வேளாண் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல அவருக்கு எவ்வளவு பங்கு இருக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். பழைய ஃபைலைத் தேட வேண்டும் என்றேன். "எங்க இருக்கும்?" என்றாள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் கூட்டிப்போகச் சொல்கிறாள்.

27. சிதம்பரத்தான்

கேட்கும்படி சொன்னாளோ இல்லையோ, சொன்னாளே. அப்பா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்திருப்பார்.

28. கலிங்கு

அந்தப் பெரியவர் யார் என்று விசாரியுங்கள். எங்கள் துறை ஆளாக இருப்பார்.

29. டீக்கடை பெஞ்சு

அடுத்த வருடத் தலைப்பு தெரிந்துவிட்டதா?

30. யானைமலைக்காரன்

இப்போதே அறிவித்துவிட்டார்கள். "எளிமையின் இமயம் ஓமந்தூரார்". சிகரத்திலிருந்து இமயத்துக்கு வந்துவிட்டோம். அவர் முதல்வராக இருந்து என்ன செய்தார் என்று வீட்டில் கேட்க ஆரம்பித்தாயிற்று.

31. பழைய பேப்பர்

1947 கோயில் நுழைவுச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். புது இழை போடுங்கள், இது நீண்டுவிட்டது.